படுத்துப் பார்க்கப் போன உன் அப்பா

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் நலம், என் புது முட்டி நலம், பக்கத்திலிருக்கும் பழைய முட்டி தன்னை யாரும் கவனிப்பதில்லை என்று கொஞ்சம் முனகினாலும் அதுவும் நலம். உன் அப்பா ரொம்பவே நலம், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சிரித்த முகமாகச் சுகமாய் இருக்க வேண்டும், இருப்பீர்கள். இதைப் போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து நாலு கேள்வி கேட்பாய், மாப்பிள்ளை பின்னாலிருந்து ஐந்தாவதை எடுத்துக் கொடுப்பார், கடைசியில் பேரன் பிடுங்கி முத்தம் கொடுத்துவிட்டு வைத்துவிடுவான், நான் சொல்ல வந்தது என் வாயிலேயே நின்றுபோகும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதைக் கவனி, காலை மடித்து, மனுஷர்கள் உட்காருகிற மாதிரி, சாப்பாட்டு மேஜை நாற்காலியில். உன் அண்ணன் உனக்குப் போன் போட்டு, ஆபரேஷன் ஆனது அம்மாவுக்கு, கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது அப்பாவை என்று சொல்லிவிட்டு, ஆபீஸில் யாரோ கூப்பிட்டார்கள் என்று வைத்துவிட்டானாம். நீ அழுது, அண்ணியைக் கூப்பிட்டு அப்பாவை எங்கே தள்ளிட்டீங்கன்னு கேட்டு, அவள் அழுது, இங்கே ஒரு கலவரமே நடந்து ஓய்ந்தது. உன் அண்ணன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் யாரும் யாரையும் எங்கேயும் தள்ளவில்லை. உன் அப்பா தானாகப் போய்ப் படுத்தார். முதலிலிருந்து சொல்கிறேன், பதறாமல் படி.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வலது முட்டி மட்டும் இப்படித் தேஞ்சிருக்கே, ஏதாவது விளையாட்டு விளையாடுவீங்களா என்று கேட்டார். நான் கார் ஓட்டச் சொல்லித்தருகிறவள், பக்கத்து சீட்டில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு, இத்தனை வருஷமாக ஊரார் செய்த தப்புக்கெல்லாம் இந்த முட்டிதான் பதில் சொல்லியிருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். உனக்குத் தெரியும், எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை. மலை ஏற வேண்டாம், ஓட வேண்டாம். மறுபடியும் அந்தச் சீட்டில் உட்கார்ந்து, எவனாவது லாரியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டால் அந்த பிரேக்கை ஒரு மிதி மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். அது இல்லாமல் ஜன்னலோரம் போர்வையைப் போர்த்திக்கொண்டு போகிற வருகிற வண்டியை வேடிக்கை பார்க்கிற நிலைமை வந்தால் நான் நானாக இருக்க மாட்டேன், இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் வந்து, முட்டிய நான் மாத்திட்டேன், இனிமே அத வளைக்கிறது உங்க வேலை, ஆரம்பத்துல விட்டுட்டீங்கன்னா விறைச்சுக்கும், அப்புறம் பிரேக்க மறந்துட வேண்டியதுதான், அதனால இங்கருந்து எங்க போகப்போறீங்கன்னு நல்லா யோசிச்சு முடிவு பண்ணுங்க என்றார். பண்ணுங்க என்று பன்மையில் சொன்னதுதான் அவர் செய்த தப்பு. என்னைத் தவிர எல்லாரும் முடிவு செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

உன் அண்ணன் அவன் வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அந்தச் சமயத்தில் நிஜமாக ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது நான், நர்ஸ் என்னை முதல்முறையாக எழுப்பி நிறுத்தியிருந்தாள், உயிர் போய்த் திரும்பி வந்தது. அவன் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, கீழ் ரூமை ஒழிச்சு வெச்சிருக்கேன்மா, நீ எந்திரிக்கவே வேண்டாம், கூப்பிட ஒரு மணி வெச்சிருக்கேன், தண்ணிகூட நாங்க கொண்டுவந்து வாயில ஊத்துவோம் என்றான். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எழுந்திருக்கவே வேண்டாம் என்கிற வீட்டுக்குப் போனால் அந்த மணிதான் நன்றாக வேலை செய்யும், முட்டி செய்யாது. எனக்கோ என் வீட்டுக்குப் போக வேண்டும். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, ஆனால் எந்தப் படி எவ்வளவு உயரம் என்று என் காலுக்குத் தெரியும். நீ அங்கே இருந்துகொண்டே கம்ப்யூட்டரில் தேடி, நம் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளியிருக்கும் மறுவாழ்வு மையத்தில் ஒரு படுக்கை பதிவு செய்து வைத்தாய். மறுவாழ்வு மையம் என்றதும் கீழ்வீட்டு அம்மாள் குரலைத் தாழ்த்தி, யார் குடிக்கிறது, அவரா என்று கேட்டதை விடு. போட்டோவில் நன்றாகத்தான் இருந்தது. பெரிய ஜன்னல், பிடித்து நடக்கக் கம்பி, எல்லா நோயாளியும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். முட்டி மாற்றினவள் எவளும் அப்படிச் சிரிக்க மாட்டாள் என்று எனக்கு அப்போதே தெரிந்தது, இருந்தாலும் நீ ஆசையாகச் செய்தாயே என்று பேசாமல் இருந்தேன். அப்போதுதான் மூலையில் நாற்காலியில் இருந்த உன் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, படுத்துப் பாக்காம எதையும் சொல்ல முடியாது என்றார்.

உன் அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் மாப்பிள்ளை படித்தால் புரிய வேண்டுமே. வாழ்நாள் முழுக்க மெத்தைக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. புது மெத்தை வந்தால் ஷூவைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுப்பார், கண்ணை மூடுவார், அதற்குப் பிறகு முதலாளியே வந்து கூப்பிட்டாலும் வாயைத் திறக்க மாட்டார். பேசினால் முதுகு இறுகிவிடுமாம், மெத்தையின் குணம் தெரியாதாம். கடைசியில் கண்ணைத் திறந்து, நல்ல சரக்காக இருந்தால் ஒரே ஒரு வார்த்தை சொல்வார், தாங்கும். அதற்கு மேல் ஒரு பாராட்டு அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை, இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய நானும் சேர்த்துத்தான். ரிட்டயர் ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இந்த வீட்டை வாங்கும்போது ஒவ்வொரு அறையிலும் வெறுந்தரையில் படுத்துப் பார்த்தார், வீட்டுக்காரர் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனார். உன் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனபோது எல்லாரும் கூடத்தில் பேசிக்கொண்டிருக்க, இவர் உள்ளே போய் மாப்பிள்ளையின் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார். வெளியே வந்து தாங்கும் என்றார். நீங்கள் இருவரும் இன்றுவரை நன்றாக இருக்கிறீர்கள் என்பதால் நான் அதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை.

ஆக, நான் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஒருநாள் மத்தியானம் கிளம்பி அந்த மையத்துக்குப் போனார். வாசலில் இருந்த பெண்ணிடம், முட்டி ஆபரேஷன், படுக்கை பதிவு பண்ணியிருக்கு, பாக்கணும் என்றிருக்கிறார். யாருக்கு முட்டி என்று இவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆயா ஒருத்தி மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்கையைக் காட்டிவிட்டு, வேலை நேரம் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விட்டாள். இவர் செருப்பைக் கழற்றினார், படுத்தார், கண்ணை மூடினார். அடுத்த ஷிப்டு நர்ஸ் வந்து பார்க்கிறாள், முட்டி நோயாளிக்கு என்று பதிவான படுக்கையில் வயசான ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறார். ஐயா வலிக்குதா என்று கேட்டிருக்கிறாள். பதில் இல்லை. ஐயா, கூட யாரும் வரலையா என்றாள். மூச்சு விடவில்லை. பாவம், பேசக்கூடத் தெம்பில்லை என்று கையில் நோயாளிப் பட்டையைக் கட்டி, காலுக்கடியில் தலையணை வைத்து, முட்டியில் ஐஸ் பை வைத்துவிட்டாள். இவ்வளவும் நடக்கும்போது முழித்துக்கொண்டுதான் இருந்தீர்களா என்று பின்னால் கேட்டேன். ஆமா, சோதனை பாதியில இருந்துச்சு, எப்படி எந்திரிக்கிறது என்கிறார். அப்புறம் அந்த ஐஸ் பை சுகத்தில் நிஜமாகவே தூங்கிவிட்டார். எழுந்து பார்த்தால் பக்கத்தில் சூப் இருந்திருக்கிறது, குடித்துவிட்டு மறுபடியும் படுத்திருக்கிறார். நான் ஆஸ்பத்திரியில் இவரைக் காணோமே என்று வருகிற போகிற நர்ஸையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடக்கிறேன், உன் அண்ணன் பஸ் ஸ்டாண்டில் தேடுகிறான், இவர் சூப் குடிக்கிறார்.

மறுநாள் காலையில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் வந்திருக்கிறாள். நான் அவளுக்கு முட்டிப் பொண்ணு என்று பேர் வைத்திருக்கிறேன், நல்ல பெண், பேச்சில் துடுக்கு. போர்வையை விலக்கி வலது முட்டியைப் பார்த்தாள், தையல் இல்லை. இடதைப் பார்த்தாள், அங்கேயும் இல்லை. ஐயா, ரெண்டுமே உங்க சொந்த முட்டிதானே என்று கேட்டிருக்கிறாள். அப்போதுதான் உன் அப்பா கண்ணைத் திறந்து, படுக்கை தாங்கும், தலையணை சரியில்ல, என் மனைவிய அனுப்பி வெக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார். அந்த நேரம் பார்த்து மேட்ரன் அம்மா வந்தாள். அந்த அம்மாளை நீ பார்க்க வேண்டும், கதவளவு ஆள், சட்டம் பேச ஆரம்பித்தால் கடவுளும் ஓரமாக உட்கார்ந்து கேட்க வேண்டியதுதான். எங்க கிளம்பிட்டீங்க, எந்திரிச்சுக் காட்டுங்க என்றாள். அங்கே ஒரு விதியாம், கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ வேண்டும், பிடிக்காமல் வராந்தா முழுக்க நடக்க வேண்டும், பயிற்சிப் படிகளில் ஏறி இறங்க வேண்டும், அதற்கப்புறம்தான் வீட்டுக்கு விடுவார்கள். உன் அப்பா உட்கார்ந்தார். எழ முயன்றார். மறுபடியும் முயன்றார். ஆயுசு முழுக்கப் படுப்பதையே தொழிலாக வைத்திருந்த மனுஷன், தொடையில் தெம்பு எங்கேயிருந்து வரும்? இவருக்கு ஆபரேஷனே ஆகலை மேடம் என்று முட்டிப் பொண்ணு சொல்லிப் பார்த்தாள். ஆகலைன்னா என்ன, எந்திரிக்கத் தெரியலையே, எந்திரிக்கத் தெரியாம ஒருத்தர்கூட இந்த இடத்த விட்டுப் போனதில்ல, இவர் போனா எங்க பேர் என்ன ஆகும் என்று மேட்ரன் கேட்டாளாம். படுக்கையோ வேறு காலி இல்லை. இப்படியாக, எனக்குப் பதிவு செய்த இடத்தில் உன் அப்பா சட்டப்படி நோயாளி ஆனார்.

மையத்திலிருந்து போன் போட்டு இதைச் சொன்னபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. இவ்வளவு பெரிய ஆபரேஷன் செய்துகொண்டு கிடப்பவள் நான், இந்த மனுஷனுக்கு ஐஸ் பையா என்று பல்லைக் கடித்தேன். அந்தக் கோபத்தில்தான் முடிவு எடுத்தேன், நான் என் வீட்டுக்கே போகிறேன், படி ஏறுகிறேன், பார்த்துக்கொள்கிறேன் என்று. உன் அண்ணன் சக்கர நாற்காலியோடு வந்தான், அதில் என் பையை வைத்துத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில், கைப்பிடியை விடக் கூடாது. மூன்று மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். உன் அண்ணன் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பந்து பிடிக்கிறவன் மாதிரி, அம்மா அம்மா என்று புலம்பிக்கொண்டே வந்தான். கீழ்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, அவர் அங்க இருக்கட்டும்மா, திருந்தி வருவாரு என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். மேலே போய்ச் சேர்ந்து கட்டிலில் விழுந்ததும் வலியில் அழுதேன், நீ வருத்தப்படுவாய் என்று மறைக்கவில்லை. சமையலுக்கு அண்ணி வந்து போனாள், உன் அண்ணன் இரவு வந்து கூடத்தில் படுத்தான், ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் வந்து காலை வளைத்துப் பார்த்துவிட்டுப் போனார். வீடு என்னவோ வெறிச்சென்று இருந்தது. குறட்டை இல்லாமல் எனக்குத் தூக்கம் வரும் என்று இவ்வளவு நாளாக நினைத்திருந்தேன், வரவில்லை.

கொஞ்ச நாள் போனதும் உன் அப்பா போன் செய்தார். தலையணை சரியில்லை, என்னோடதைக் கொண்டு வா என்றார். யாரிடம் கேட்கிறார் பார்! உன் அண்ணனிடம் கொடுத்தனுப்பியிருக்கலாம். ஆனால் நேரில் பார்த்துத் திட்டினால்தான் மனசு ஆறும் போலிருந்தது. டாக்டரிடம் கேட்டேன், காரில் உட்கார்ந்து போகலாம், ஓட்டக் கூடாது, எதையும் மிதிக்கக் கூடாது என்றார். என்னிடம் படிக்கிற பல் டாக்டரைக் கூப்பிட்டேன். உனக்கு அவரைத் தெரியாது. லைசென்ஸ் வாங்கி வருஷக்கணக்காகிறது, ஆனால் சாவியைக் கையில் எடுத்தாலே கை நடுங்கும். அடுத்தவர் வாய்க்குள் ஊசியை விடும்போது நடுங்காத கை, கியரைத் தொட்டால் நடுங்குகிறது. அவரை ஓட்டச் சொல்லி, நான் பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு தெருவைக் கடக்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் தவழ்ந்தே போயிருக்கலாம். எதிரே சைக்கிள் வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு, டீச்சர், அவர் போகட்டும் என்பார். சைக்கிள்காரன் மரியாதையாக, நீங்க போங்க சார் என்பான். இருவரும் மாறி மாறி உபசாரம் செய்துகொண்டு நிற்பார்கள்.

உன் அப்பா பயிற்சிக் கூடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், வேர்த்து விறுவிறுத்து. திட்ட வந்தவள் சிரித்துவிட்டேன். இந்தாங்க தலையணை, இதுகூடவா முடியல, தள்ளுங்க, நான் செஞ்சு காட்டுறேன் என்று கம்பியைப் பிடித்து, ஆஸ்பத்திரியில் சொன்னபடி முட்டியை மெதுவாக மடக்கி நீட்டிக் காட்டினேன். மேட்ரன் ஓடி வந்தாள், பார்க்க வந்தவங்க உடற்பயிற்சி செய்யக் கூடாது, வழுக்கி விழுந்தா யார் பொறுப்பு என்று. இவங்களுக்குத்தான் மேடம் நிஜமா முட்டி மாத்தியிருக்கு என்றாள் முட்டிப் பொண்ணு. அப்ப இவங்க நோயாளி, நோயாளின்னா படுக்கை வேணும், படுக்கைல அவர் இருக்காரு, அதனால இவங்க பார்வையாளர்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். கடைசியில் முட்டிப் பொண்ணு ஒரு வழி கண்டுபிடித்தாள். நோயாளிக்குத் தைரியம் சொல்ல வீட்டுக்காரர்கள் கூட நின்று செய்து காட்டலாம் என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறதாம். அதிலிருந்து தினமும் போனேன். உன் அப்பாவுக்குத் தைரியம் சொல்வது என்கிற பேரில் நான் முட்டியை வளைத்தேன், அவள் அவருக்குச் சொல்லிக் கொடுப்பது மாதிரி என்னைத் திருத்தினாள். ஐயா, குதிகாலைத் தூக்காதீங்க என்பாள், தூக்கியிருப்பது நான். ஐயா, வலிச்சா நிறுத்திடணும், வீம்பு பிடிக்கக் கூடாது என்பாள், வீம்பு யாருக்கு என்று உனக்கே தெரியும். இவரோ தனக்குத்தான் சொல்கிறாள் என்று எல்லாவற்றையும் செய்வார். தினமும் படி இறங்கி ஏறியதில் மாடித் திருப்பங்களில் போட்ட நாற்காலிகள் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் திரும்பின. கீழ்வீட்டு அம்மாள் மட்டும் நான் போகும்போதெல்லாம், எப்படி, கையெல்லாம் நடுங்குதா அவருக்கு என்று விசாரித்தாள். தொடைதான் நடுங்குகிறது என்று சொல்லிவிட்டு இறங்குவேன்.

ஒருநாள் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன், ஏங்க, முட்டி நல்லா இருக்கிற மனுஷன் நீங்க, நான் வீட்டுக்குப் போறேன்னு சொல்லிச் சட்டையைப் போட்டுக்கிட்டுக் கிளம்பினா இந்த அம்மாவால பிடிச்சு வெக்க முடியுமா, ஏன் இங்கயே கிடக்கிறீங்க என்று. உன் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. மெத்தையில்தான் படுத்திருக்கிறாரோ என்று பார்த்தேன், இல்லை, நாற்காலியில் இருந்தார், கண்ணும் திறந்திருந்தது. அப்புறம் சொன்னார், அன்னிக்கு ஆஸ்பத்திரியில உன்ன எழுப்பி நிக்க வெச்சாங்கல்ல, நீ கத்தினியே, அப்ப நானும் உன்னப் பிடிக்கலாம்னு எந்திரிக்கப் பாத்தேன், என்னால அந்த நாற்காலிய விட்டே எந்திரிக்க முடியல, நீ என்னப் பாக்கல என்றார். இங்க வந்து படுத்தது படுக்கையப் பாக்கத்தான், ஆனா அந்தம்மா எந்திரிச்சுக் காட்டுன்னு சொன்னப்ப, சரி, இத முதல்ல கத்துக்கணும்னு தோணுச்சு, நாளைக்கு வீட்டுல நீ விழுந்தா உன்னப் பிடிச்சுத் தூக்குறதுக்கு நான் முதல்ல எந்திரிக்கணுமே என்றார். வாலு, இத்தனை நாளாக மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ரொம்பப் பாவமாக இருந்தது, ரொம்பப் பிரியமாகவும் இருந்தது. சூப்புக்காக இருக்கீங்கன்னு நெனச்சேன் என்று மட்டும் சொன்னேன். அதுவும் நல்லாத்தான் இருக்கு என்றார்.

நேற்று அவருக்குப் பரீட்சை. இதற்கிடையில் டாக்டர் என் முட்டியைப் பார்த்து, நல்லா வளையுது, முன் சீட்டுல உக்காரலாம், கொஞ்சம் கொஞ்சமா பிரேக் மிதிச்சும் பழகலாம், ஆனா நிறுத்தி வெச்ச வண்டியில மட்டும் என்று சொல்லியிருந்தார். நிறுத்தி வைத்த வண்டியில் மிதித்தால் அது பிரேக்கே இல்லை, ஆனாலும் சொன்னபடிதான் செய்தேன். காரில் ஏறி உட்கார்ந்து மிதிப்பேன், கால் போகும், ஆனால் உள்ளுக்குள் நம்பிக்கை வராது. இந்தக் கால் அவசரத்துக்குப் போகுமா, அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டு நிற்குமா என்று பயந்துகொண்டே இருந்தேன். நேற்று பல் டாக்டர் ஓட்ட, நான் பக்கத்தில் என் சீட்டில். மையத்தின் வாசலுக்கு ஒரு சரிவுப் பாதை ஏறிப் போக வேண்டும். உன் அப்பா எல்லாவற்றிலும் பாஸ் ஆகி, தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார், பக்கத்தில் மேட்ரனும் முட்டிப் பொண்ணும். அவரைப் பார்த்த சந்தோஷத்தில் நான் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினேன். பல் டாக்டரும் மரியாதைக்குக் கையை ஆட்டினார். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, ஆக்ஸிலேட்டரை மட்டும் விடாமல். வண்டி சரிவில் துள்ளிக்கொண்டு நேராக உன் அப்பாவைப் பார்த்துப் போகிறது. மேட்ரன் முட்டிப் பொண்ணை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். உன் அப்பா நகரவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா, கண்ணை மூடிக்கொண்டார்.

நான் மிதித்தது எனக்குத் தெரியாது. வண்டி நின்ற பிறகுதான் தெரிந்தது. பம்பர் உன் அப்பாவின் வேட்டியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, என் வலது கால் முழுசாக நீண்டு பிரேக்கின் மேல் இருக்கிறது, அது என் கால்தான் என்று நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், நன்றாகவே வலித்தது. முட்டிப் பொண்ணு ஓடி வந்து கதவைத் திறந்து முட்டியைத் தடவித் தடவிப் பார்த்து, ஒண்ணும் ஆகலம்மா, ஒண்ணும் ஆகல என்று சொல்லிவிட்டு, இனிமே இப்படிச் செஞ்சீங்கன்னா நான் பேசவே மாட்டேன் என்று அழ ஆரம்பித்துவிட்டாள். பல் டாக்டர் இறங்கினார், நிற்க முடியாமல் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். மேட்ரன் அவரை மேலும் கீழும் பார்த்தாள். கை ஊனாம எந்திரிங்க பாப்போம் என்றாள். அவரால் முடியவில்லை. படுக்கை இப்பதான் காலியாச்சு என்றாள் அந்த அம்மாள். அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போவதை நான் என் கண்ணால் பார்த்தேன், இன்று காலைவரை அவர் கிளினிக் திறக்கவில்லை.

உன் அப்பா கண்ணைத் திறந்து, காரைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். ஒரு கையால் என் கையையும் இன்னொரு கையால் என் முழங்கையையும், அவர்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே பிடித்து, ஒரே மூச்சில் என்னை எழுப்பி நிறுத்தினார். தலையணை கீழே விழுந்தது, எடுக்கவில்லை. என்னை நிற்க வைத்து, முட்டியைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்தார். தாங்கும் என்றார்.

வாலு, நான் அங்கேயே, அந்தச் சரிவில், எல்லார் முன்னாலும் நின்று அழுதேன்.

அதனால் நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வர வேண்டாம். வரும்போது சும்மா வா, சாவகாசமாக இருக்க வா, பேரனையும் கூட்டிக்கொண்டு வா. அண்ணியிடம் போன் போட்டு இரண்டு வார்த்தை அன்பாகப் பேசு, அவள் பாவம். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள் நீ, மறந்துவிடாதே, ஒரு தடவை கை ஊன்றாமல் எழுந்து பார், மாப்பிள்ளையையும் எழச் சொல், எழ முடியாவிட்டால் இங்கே யாரிடமும் சொல்லாதே, மேட்ரன் காதுக்குப் போய்விடும். உங்கள் மூன்று பேருக்கும் நோய்நொடி அண்டாமல், நின்ற காலும் நடந்த காலும் தளராமல், நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். உன் அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார், நம் பழைய கட்டிலில், கண்ணை மூடிக்கொண்டு. ஏதாவது எழுதட்டுமா என்று கேட்டேன், பதில் இல்லை.

இப்படிக்கு,
நாளை காலை முதல் மாணவிக்குப் பக்கத்தில் உட்காரப்போகும் (நிறுத்தி வைத்த வண்டியில் மட்டும்)
உன் அம்மா